யார் பேரில் எழுதுவது?

என் மேசைக்கு வந்த பத்திரங்களில் ஒரு வரிகூட எனக்குப் படிக்கத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அது ஸ்பானிஷ் மொழிப் பத்திரம். 60 பக்கத்துக்கு மேல் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை, ஓரத்தில் கையெழுத்து. கொண்டுவந்தவன் எங்கள் காமயகவுண்டன்பட்டிப் பையன். பையன் என்ன பையன், 45 வயது ஆகிவிட்டது. டெக்சாஸில் வேலை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி வருஷங்கள் ஆகின்றன. மெக்சிகோவில் கடற்கரையை ஒட்டிச் சின்னதாக ஒரு வீடு வாங்கியிருந்தான்.

“மாமா, வீடு என்னுது. ஆனா பத்திரம் பேங்க் பேர்ல இருக்கு” என்றான்.

40 வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “எவன்டா உன்னய ஏமாத்துனது?” என்று கேட்டேன்.

அவன் சிரித்துவிட்டு விவரம் சொன்னான். மெக்சிகோவில் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் அயல்நாட்டான் நேரடியாக நிலம் வாங்க முடியாது. அவர்களுடைய 1917 அரசியல் சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. அதனால் ஒரு வங்கி அறங்காவலர் மாதிரி நின்று தன் பேரில் கிரையம் வாங்கிக்கொள்ளும். அனுபவிக்கிற உரிமை முழுக்க இவனுக்கு. குடியிருக்கலாம், வாடகைக்கு விடலாம், விற்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுக்கலாம், தனக்குப் பிறகு யாருக்கு என்பதையும் அந்தப் பத்திரத்திலேயே எழுதி வைக்கலாம். வங்கி திவாலானாலும் வீடு வங்கியின் சொத்துக் கணக்கில் வராது. காலம் 50 ஆண்டு. அதற்குப் பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் வங்கிக்கு ஒரு கட்டணம்.

“நம்ம தோட்டத்துக்குப் பக்கத்துல ஒன்றரை ஏக்கர் வெலைக்கு வருது மாமா. இங்க எந்த பேங்க்ல இப்படிச் செய்றாங்க?”

எந்த வங்கியிலும் இல்லை. பதில் அவ்வளவுதான். ஆனால் ஏன் இல்லை, இல்லாத ஊரில் இத்தனை வருஷமாக வெளிநாட்டுப் பணம் எப்படி நிலமானது, அதில் எத்தனை குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது என்பதையெல்லாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அன்று அவனுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்தது 1980களின் தொடக்கத்தில். அப்போது தேனி தனி மாவட்டம் இல்லை, எல்லாம் மதுரை மாவட்டம். முத்திரைத்தாளில் கறுப்பு மையால் கையால் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் கடைசியில் எத்தனையாவது வரியில் என்ன திருத்தம் என்று குறிப்பு எழுத வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர், செக்குபந்தியை நிலத்தில் நடந்து பார்க்காமல் எழுத விடமாட்டார். “நாலு மாலையும் கால் தொட்டாத்தான் கை எழுதணும்” என்பார். நிலத்தைப் பற்றி அத்தனை கவனம் எடுத்த எங்களுக்கு, வாங்குகிறவர் பேரைப் பற்றி அந்த அளவு கவனம் இருந்ததில்லை. சொன்ன பேரை எழுதினோம்.

அப்போதெல்லாம் கிரையப் பத்திரத்தில் விற்கிறவர் கையெழுத்துப் போட்டால் போதும். வாங்குகிறவர் ஆபீசுக்கு வர வேண்டியதே இல்லை. இன்று இருவரும் வர வேண்டும். இருவருக்கும் போட்டோ, விரல்ரேகை, ஆதார். அன்று வாங்குகிறவர் சவூதியில் இருந்தாலும் சரி, பக்கத்துத் தெருவில் இருந்தாலும் சரி, பத்திரத்தில் வெறும் பேர்தான்.

சவூதியிலிருந்து டிராப்ட் வர ஆரம்பித்த காலம் அது. 1986 வாக்கில் ஒருவர் தன் அக்கா வீட்டுக்காரருக்குப் பணம் அனுப்பி, சுருளி போகிற பக்கம் ஒன்றே முக்கால் ஏக்கர் திராட்சைத் தோட்டத்தை முடிக்கச் சொன்னார். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் மேல் பன்னீர் திராட்சை நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த தோட்டம். பத்திரம் எழுத உட்கார்ந்ததும் அத்தான்காரர் சொன்னார்: “எம்பேர்லயே எழுதிருங்க ரைட்டரே. ஊர்ல இல்லாத ஆள் பேர்ல இருந்தா பட்டா மாத்த அலையணும், மோட்டாருக்குக் கரண்டு வாங்க அலையணும். மாப்ள வந்ததும் மாத்திக் கொடுத்துருவேன்.” அதற்கு அத்தாட்சியாக ஒரு வெள்ளைத்தாளில் அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுத்தார். நான் அதற்குச் சாட்சி.

மாப்பிள்ளை 1993-ல் ஊருக்கு வந்தார். அதற்குள் தோட்டத்தின் மேல் கடன் இருந்தது. அக்கா பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். அத்தான் மாற்றிக் கொடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்று வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனவரை, வக்கீல் ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிட்டார். பணம் உங்களுடையது, பேர் அவருடையது என்கிறீர்கள், அப்படித்தானே? அப்படியென்றால் அது பினாமி. 1988-ல் பினாமி தடைச் சட்டம் வந்துவிட்டது. ‘அது என் சொத்து, பேர் மட்டும்தான் அவர் பேர்’ என்று சொல்லி யாரும் இனி வழக்குப் போட முடியாது. சட்டம் வருவதற்கு முன்னால் வாங்கியதாயிற்றே என்று கேட்டிருக்கிறார். வாங்கியது எப்போது என்பது பிரச்சினையில்லை, வழக்கைச் சட்டம் வந்த பிறகு போடுகிறீர்களே, அதனால் நிற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

இதில் இன்றுவரை என்னை உறுத்துவது வேறு. அந்த மனுஷர் இந்தியக் குடிமகன். அன்றைக்கு இருந்தது 1973-ம் வருஷத்து அந்நியச் செலாவணிச் சட்டம், ஃபெரா. ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் நிலம் வாங்கக் கூடாது என்று அது தடுத்தது அயல்நாட்டுக் குடிமக்களைத்தான். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளியூரில் வேலை பார்த்தவரைத் தடுக்கவில்லை. அவர் பேரிலேயே எழுதியிருக்கலாம். அவர் வரக்கூட வேண்டியிருக்கவில்லை. எழுத வேண்டிய பேர் என் பேனா முனையில் இருந்தது, நான் வேறு பேரை எழுதினேன். சட்டம் தெரியாது என்பதைவிட, ‘நமக்கென்ன, அவங்க குடும்ப விஷயம்’ என்று இருந்துவிட்டேன் என்பதுதான் சரி.

அதற்குப் பிறகு, பணம் யாருடையது என்று கேட்காமல் நான் பத்திரம் எழுதியதில்லை. அதனால் என் மேசையிலிருந்து எழுந்து அடுத்த மேசைக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

2000 ஜூன் 1-ல் ஃபெரா போய் ஃபெமா என்ற புது அந்நியச் செலாவணிச் சட்டம் வந்தது. கடுமை குறைந்துவிட்டது என்று பேப்பரில் எழுதினார்கள். பல விஷயத்தில் அது உண்மைதான். முன்னால் ஜெயில் என்றிருந்தது, இப்போது பெரும்பாலும் அபராதம். வெளிநாடு வாழ் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று, பின்னால் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கியவர்களும் வீடு, மனை, கடை எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பம் போட வேண்டியதில்லை. ஆனால் மூன்று மட்டும் கூடாது. விவசாய நிலம், தோட்டப்பயிர் எஸ்டேட், பண்ணை வீடு.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறவருக்கு இந்த மூன்றும் பெரிய இழப்பாகத் தெரியாது. அங்கே பிளாட் இருக்கிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் விற்பனைக்கு வருவதே இந்த மூன்றுதான். கீழே நெல் வயல், ஏறினால் திராட்சை, தென்னை, வாழை. மலை ஏறி கேரளா பக்கம் போனால் ஏலத்தோட்டம். வெளிநாட்டில் சம்பாதித்தவன் ஊரில் வாங்க ஆசைப்படுவது அப்பா கூலிக்குப் போன தோட்டத்தைத்தான், கம்பத்தில் ஒரு பிளாட்டை இல்லை. அந்த ஆசை இருக்கிற இடத்தில்தான் சட்டம் கதவைச் சாத்தியிருக்கிறது.

இதில் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. “எங்கிட்ட இந்திய பாஸ்போர்ட்தான் இருக்கு, நான் எதுக்கு வெளிநாட்டுக்காரன்?” என்பார்கள். ஃபெமா பாஸ்போர்ட்டை மட்டும் பார்ப்பதில்லை, நீ எங்கே வசிக்கிறாய் என்று பார்க்கிறது. துபாயில் வேலைக்கு இருக்கிற இந்தியக் குடிமகனுக்கும் தோட்டம் வாங்கத் தடைதான். ஃபெரா காலத்தில் வாங்க முடிந்தவர் ஃபெமா காலத்தில் வாங்க முடியாது. சட்டம் தளர்ந்தது என்று எல்லாரும் சொன்ன வருஷத்தில் எங்கள் ஊர்க்காரருக்கு இறுகியது. வேலைக்குப் போவதற்கு முன்னால் ஊரில் இருக்கும்போதே வாங்கிய நிலம் என்றால் அதற்கு ஆபத்தில்லை, வைத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் இருந்த ஒரு தம்பி லீவில் வந்து தோட்டம் வாங்க உட்கார்ந்தார். நான் முடியாது என்றேன். வேறொரு மேசையில் எழுதி, பதிவும் ஆகிவிட்டது. மாலையில் என்னிடம் வந்து நம்பர் போட்ட பத்திரத்தைக் காட்டி, “பாத்தீங்களாண்ணே, ரிஜிஸ்தர் ஆயிருச்சு” என்றார். முத்திரைக் கட்டணம் சரியா, ஆள் அடையாளம் சரியா, வில்லங்கம் உண்டா, பட்டா யார் பேரில் என்று சார்பதிவாளர் பார்ப்பார். வாங்குகிறவர் வருஷத்தில் எத்தனை நாள் எந்த நாட்டில் தூங்குகிறார் என்று அவர் பார்ப்பதில்லை. பதிவாகிவிட்டதால் சட்டம் ஒப்புக்கொண்டது என்று ஆகாது. ஃபெமாவில் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு. விற்கும்போது, கடன் வாங்கும்போது, பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகும்போது அது எழுந்து உட்காரும்.

ஃபெரா போய் 20 வருஷம் கழித்து ஒரு தீர்ப்பு வந்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெங்களூரில் ஒரு சொத்து. அயல்நாட்டுக் குடிமகளான ஒரு விதவை 1977-ல் அதைத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தார். ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லை. அந்தத் தானமே செல்லாது என்று தீர்ப்பு. எழுதி 44 வருஷம் ஆன பத்திரம்! எங்கள் எழுத்தர்கள் நாலு பேர் டீக்கடையில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அவரவர் பழைய கணக்கை மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தோம். ஒருத்தரும் பேசவில்லை.

வாங்குவதில் இருக்கிற கதை இது. அப்பா சொத்து பிள்ளைக்கு வருவதில் இருக்கிற கதை இதைவிட நுணுக்கம். அது தெரியாமல் ஏமாந்தவர்களில் படித்தவர்களே அதிகம்.

எங்கள் பக்கம் தகப்பன்மார்களுக்குத் தான செட்டில்மெண்ட் என்றால் பிரியம். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைக் கட்டணச் சலுகை இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே பிரித்துக் கொடுத்துவிட்டால் செத்த பிறகு அடிதடி இல்லை. ஒரு பெரியவர் இரண்டு மகன்களுக்குத் திராட்சைத் தோட்டத்தை ஆளுக்குப் பாதியாக எழுதச் சொல்லி வந்தார். மூத்தவன் ஊரில், இளையவன் அமெரிக்கக் குடிமகன். மூத்தவன் பாதியை எழுதினேன். இளையவன் பாதியை எழுத மறுத்தேன். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “எம்மண்ணு, எம்மகன். நடுவுல நீ யாருப்பா?”

அவருக்கு உட்கார்ந்து விளக்கினேன். ஓசிஐ வைத்திருக்கிற மகனுக்கு வீட்டைத் தானமாகக் கொடுக்கலாம். விவசாய நிலத்தைத் தானமாகக் கொடுக்க முடியாது. ஆனால் வாரிசாக அடையலாம், அதற்குத் தடையே இல்லை. உயிரோடு இருந்து கொடுத்தால் செல்லாது. உயில் எழுதி வைத்துவிட்டுப் போனால் செல்லும். அதே அப்பா, அதே மகன், அதே தோட்டம். தலைப்பு ‘தான செட்டில்மெண்ட்’ என்று இருக்கிறதா ‘உயில்’ என்று இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப நான் சாகுற வரைக்கும் அவனுக்கு ஒண்ணுமில்லையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அதுவும் நல்லதுதான். அதுவரைக்கும் போனாவது பண்ணுவான்” என்றார்.

அப்படி வந்த நிலத்தை மகன் வைத்திருக்கலாம். விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கிற இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். டெக்சாஸில் இருக்கிற இன்னொரு தேனிக்காரருக்கு விற்க முடியாது. இதையும் நிறையப் பேர் தெரிந்துகொள்வது அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான்.

இலங்கை விஷயம் தனி. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று எழுதிக்கொண்டார்கள். காகிதத்தில் எண்ணிக்கை, நடப்பில் அண்ணன் ஒரு நாடு தம்பி ஒரு நாடு. இங்கே வந்த தம்பி பக்கத்திலேயே அண்ணனுக்கும் ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும் என்று என்னிடம் வந்தார். தோட்டம் இல்லை, வீடுதான். ஆனால் இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், சீனா, நேபாளம் உட்பட ஒரு பட்டியல் இருக்கிறது. அந்நாட்டுக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் எந்த அசையாச் சொத்தும் வாங்க முடியாது. ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் எடுக்கலாம். ஓசிஐ அட்டை உள்ளவருக்கு இந்தத் தடை பொருந்தாது என்று 2018 விதிகளில் தெளிவாக்கினார்கள். அந்த அண்ணனிடம் அட்டை இல்லை. “நாங்க ஒரே லயத்துல பொறந்தவங்க சார்” என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது பவர் பத்திரம். வெளிநாட்டில் இருப்பவரின் கை ஊரில் இருப்பது பவரில்தான். அங்கே நோட்டரி முன்போ இந்தியத் தூதரக அதிகாரி முன்போ கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். அது இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். பீரோவில் வைத்துவிட்டு ஒரு வருஷம் கழித்து எடுத்து வருகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். கூரியர் கவரைத் தூக்கிப் போடாதீர்கள், வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சாட்சி என்று எத்தனை தடவை சொன்னாலும் கவர்தான் முதலில் குப்பைக்குப் போகும்.

முன்பு பவர் பத்திரங்களை நாலாம் புத்தகத்தில் பதிவார்கள். வில்லங்கச் சான்று போட்டால் முதல் புத்தகத்தில் உள்ளதுதான் வரும். அதனால் ஒரு நிலத்துக்கு இரண்டு பேருக்குப் பவர் கொடுத்திருந்தாலும் வாங்குகிறவருக்குத் தெரியாது. பின்னாளில் சொத்து சம்பந்தப்பட்ட பவரை முதல் புத்தகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பவரை வைத்து விற்கும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு உயிர்வாழ் சான்று வேண்டும் என்றும் ஆக்கினார்கள். 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அந்த விதியை நான் மனசாரக் கும்பிடுகிறேன். காரணம் இருக்கிறது.

விதி வருவதற்கு முன்னால், அமெரிக்காவில் இருந்த ஒருவர் தன் சித்தப்பா மகனுக்குக் கொடுத்த பவரில் ஒரு வீட்டைக் கிரையம் எழுதினேன். எழுதி ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பவர் கொடுத்தவர் அந்தக் கிரையத்துக்கு 11 நாள் முன்பே அங்கே இறந்துபோயிருந்தார். கொடுத்தவர் போனால் பவரும் போய்விடும். சித்தப்பா மகனுக்குச் சாவு தெரிந்துதான் விற்றாரா, தெரியாமல் விற்றாரா என்பதில் இரண்டு குடும்பமும் இன்றைக்கும் இரண்டு விதமாகப் பேசும். வாங்கினவர் ஒரு பாவப்பட்ட பள்ளிக்கூட வாத்தியார். விதவை அம்மாள் பெருந்தன்மையாக அங்கிருந்தே இன்னொரு பத்திரத்தில் உறுதிசெய்து கொடுத்ததால் அவர் பிழைத்தார்.

வாங்குகிறவர்களுக்கு இன்னொரு பொறி வருமான வரியில் இருக்கிறது. ஊர்க்காரரிடம் வாங்கினால் 50 லட்ச ரூபாயிலிருந்துதான் ஒரு சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். விற்கிறவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்தக் கணக்கே வேறு. குறைந்தபட்ச வரம்பு கிடையாது, விகிதமும் பெரிது. நீண்டகால ஆதாயத்துக்கு முன்பு 20 சதவீதமாக இருந்தது, 2024 ஜூலையிலிருந்து 12.5, அதற்கு மேல் உபரி வரிகள். பிடிக்காமல் விட்டால் நோட்டீஸ் வருவது விற்றவருக்கு இல்லை, வாங்கியவருக்கு. விற்றவர் விமானம் ஏறியிருப்பார். ‘விற்பவர் எங்கே வசிக்கிறார்?’ என்ற கேள்வியை வாங்குகிறவரும் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

டெக்சாஸ் பையனிடம் திரும்புகிறேன். மெக்சிகோக்காரர்கள் ஏன் கடற்கரையையும் எல்லையையும் இப்படிப் பொத்தி வைத்திருக்கிறார்கள் என்று அவனையே கேட்டேன். அவனே சொன்னான். அவன் குடியிருக்கிற டெக்சாஸ் ஒரு காலத்தில் மெக்சிகோவின் மண். வெளியிலிருந்து வந்து நிலம் வாங்கிக் குடியேறியவர்கள் பெருகி, 1836-ல் தனியாகப் பிரிந்து, பிறகு அமெரிக்காவோடு சேர்ந்துகொண்டார்கள். நிலம் வாங்க வந்தவனிடம் நாட்டையே தொலைத்த அனுபவம். அதனால் தடை போட்டார்கள். ஆனால் சுற்றுலாவுக்கு வெளிநாட்டுப் பணமும் வேண்டியிருந்தது. அதற்கு 1970களில் இந்த வங்கி வழியைத் திறந்தார்கள். முதலில் 30 வருஷம், 1993 சட்டத்தில் அதை 50 ஆக்கினார்கள்.

“தோட்டம் தொறவுக்கும் பேங்க் வருமாடா அங்க?” என்றேன். வராது என்றான். எஹீதோ என்று அங்கே கிராமத்துப் பொது விவசாய நிலம் இருக்கிறது. அது எஹீதோவாக இருக்கிற வரை அதில் எந்த வங்கியும் கை வைக்காது. அப்படிப்பட்ட நிலம் என்று நம்பிக் குத்தகைக்கு எடுத்து வீடு கட்டியவர்கள் பட்ட பாட்டையும் சொன்னான். பாஹா கலிபோர்னியாவில் புன்டா பண்டா என்ற இடம். எஹீதோக்காரர்கள் கொடுத்த குத்தகையை நம்பி அமெரிக்கர்கள் வீடு கட்டியிருந்தார்கள். அந்த நிலம் எஹீதோவுக்கே சொந்தமில்லை, வேறு தனியாருடையது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2000-ல் வீடுகளைக் காலி செய்ய வைத்துவிட்டார்கள். கேட்டதும் எனக்குத் தோன்றியது: மூலப்பத்திரம் பார்க்காமல் வாங்கினால் கடல் தாண்டினாலும் கதை ஒன்றுதான்.

இங்கே நாமே ஒரு அறக்கட்டளை போட்டு, தெரிந்தவர் ஒருவரை அறங்காவலராக வைத்து வாங்கினால் என்ன என்று அவன் விடாமல் கேட்டான். நம்மிடமும் 1882-லிருந்து அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதன் நாலாவது பிரிவிலேயே, சட்டம் தடுப்பதைச் சாதிக்க ஏற்படுத்தும் அறக்கட்டளை செல்லாது என்று எழுதியிருக்கிறது. மெக்சிகோவில் வங்கி நிற்பது அரசாங்கம் போட்டுக் கொடுத்த பாதையில். வெளியுறவு அமைச்சகம் அனுமதி கொடுக்கிறது, வங்கி கையெழுத்துப் போடுகிறது, உண்மையான அனுபவதாரர் யார் என்று பத்திரமே சொல்கிறது. நம் ஊரில் மச்சான் நிற்பது இருட்டில். 2016-ல் பினாமிச் சட்டத்தை இறுக்கிய பிறகு ஏழு வருஷம் வரை சிறை, சொத்தும் அரசுக்குப் போகும். பேர் கொடுத்தவனுக்கும் தண்டனை, பணம் கொடுத்தவனுக்கும் தண்டனை.

“அப்பாவுக்குப் பணத்த அனுப்பி அப்பா பேர்ல வாங்கச் சொன்னா?”

“அப்பாவுக்கு நிசமாவே குடுத்துட்டா அது அப்பா பணம், அப்பா தோட்டம். நாளைக்கு அவரு யாருக்கு வித்தாலும் நீ கேக்கக் கூடாது. கேப்பேன்னு மனசுல இருந்துச்சுன்னா அது அன்னைக்கே பினாமி” என்றேன்.

தடை சரியா தவறா என்று என்னைக் கேட்டால், பாதி சரி என்பேன். டாலர் வந்து இறங்கினால் பந்தலுக்கடியில் நிற்கிற உள்ளூர்ச் சம்சாரி அடுத்த துண்டு நிலத்தை ஒருநாளும் வாங்க முடியாது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நிலத்துக்கு விலை கேட்டு வந்த போன்களை எண்ணிப் பார்த்தவன் நான். ஆனால் ஓசிஐ அட்டை வைத்திருக்கிற பிள்ளை தன் அப்பா தோட்டத்தைத் தானமாகக்கூட வாங்கக் கூடாது என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. வாரிசாக வரலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அப்பா சாகும்வரை காத்திரு என்பதால் யாருக்கு என்ன லாபம்?

வெளியார் நிலத்தில் எழுத்தை நம்பி வாழ்வது எங்களுக்குப் புதிதில்லை. இந்தப் பள்ளத்தாக்கே ஒரு குத்தகைப் பத்திரத்தில்தான் விளைகிறது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜா தரப்பும் பிரிட்டிஷ் இந்திய அரசும் எழுதிக்கொண்டது: பெரியாறு அணைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் 8,000 ஏக்கர், 999 வருஷம், ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகை. 1970-ல் அதை 30 ரூபாய் ஆக்கினார்கள். ராஜாவும் இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை. எத்தனையோ வழக்கு நடந்தும் எழுத்து நிற்கிறது, தண்ணீர் வருகிறது. யார் கொடுக்கிறார், யார் அனுபவிக்கிறார், எத்தனை காலம், என்ன வாடகை என்று நாலும் அதில் பளிச்சென்று இருக்கிறது. அந்த அத்தான்காரர் எழுதிக் கொடுத்த வெள்ளைத்தாளில் இதில் ஒன்றுகூட இல்லை.

பையன் பக்கத்து நிலத்தை வாங்கவில்லை. போவதற்கு முந்தின நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். உயில் எழுதினேன். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு பக்கம் வந்தது. சர்வே நம்பர், செக்குபந்தி, கிணற்றில் பங்கு, மோட்டார் சர்வீஸ் நம்பர், தங்கைக்கு வீடு, மகனுக்குத் தோட்டம். இரண்டு சாட்சி. மறுநாள் பதிவு செய்தோம். அறுபது பக்க ஸ்பானிஷ் பத்திரம் செய்கிற வேலையில் பாதியையாவது இந்த இரண்டு பக்கம் செய்யும்.

வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த லீவில் வரும்போது புது நிலம் தேடி அலைவதற்கு முன், ஏற்கனவே இருக்கிற நிலத்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். பெரியவர்கள் உயில் எழுதியிருக்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் பேரில் எழுத முடியாத நிலத்தை வேறு யார் பேரிலும் எழுதச் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்டு என் மேசைக்கு வந்தால், நான் எழுதித் தரமாட்டேன்.